1577917500: பஞ்சாங்கத்தின் அடியில் இருக்கும் எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சித்திரை பிறக்கும் முன்பே ஒரு கேள்வி பிறந்துவிடும்: "இந்த முறை எத்தனை மணிக்கு? வாக்கியமா, திருக்கணிதமா?" மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேஷம் எப்போது கொடுப்பது, கோணேசர் கோயிலுக்கு எப்போது போவது எல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை. வாக்கியமும் திருக்கணிதமும் பஞ்சாங்கம் கணிக்கும் இரண்டு முறைகள். வாக்கிய பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தின் அடியில் ஒரே ஒரு முழுவெண் இருக்கிறது: 1577917500. என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இந்த எண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். கொப்பியும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இது எதை எண்ணுகிறது?

நாட்களை. ஒரு மகாயுகம் 4320000 சூரிய ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் 157 கோடியே 79 இலட்சத்து 17 ஆயிரத்து 500 நாட்கள் என்பது ஆரியபட்டரின் கணக்கு. அவர் நூலில் பூமியின் சுழற்சிகள், சூரியனின் சுற்றுகள், சந்திரனின் சுற்றுகள் எல்லாமே முழுவெண்களாகத்தான் வருகின்றன. பூமியின் சுழற்சிகளிலிருந்து சூரியனின் சுற்றுகளைக் கழித்தால் நாட்களின் தொகை இந்த எண்ணாக வரும்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு? ஆண்டுக்கு 365 நாள் சொச்சம் என்று சொன்னால் போதாதா?

அந்தச் சொச்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தசமப் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் அன்று இல்லை. 365.2586805555… என்று முடிவில்லாமல் நீளும் ஓர் அளவை, எதையும் வெட்டி எறியாமல் துல்லியமாகச் சொல்ல ஒரு வழி உண்டு: இத்தனை ஆண்டுக்கு இத்தனை நாள் என்று இரண்டு முழுவெண்களைக் கொடுத்துவிடுவது. 1577917500 ஐ 4320000 ஆல் வகுத்துப் பாருங்கள். 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை என்று வரும். எங்கும் மிச்சமில்லை. இன்றைய அளவில் அது 365 நாள் 6 மணித்தியாலம் 12 நிமிடம் 30 செக்கன். (இங்கே விநாடி என்பது நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 செக்கன். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தற்பரை என்பது அந்த விநாடியின் அறுபதில் ஒரு பங்கு.)

இதன் முதன்மைக் காரணிகள் எவை?

2 × 2 × 3 × 5 × 5 × 5 × 5 × 61 × 3449.

பிள்ளைகளுக்கு இதை நான் வீட்டுவேலையாகக் கொடுப்பதுண்டு. 2, 3, 5 ஆகியவை சுலபமாகக் கழன்றுவிடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 00 என்பதால் 4 ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 42. ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. இவற்றையெல்லாம் கழற்றிய பின் 210389 என்ற எண் நிற்கும். அங்கேதான் பலர் பேனாவை வைத்துவிடுவார்கள். 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை என்று 59 வரை ஒன்றும் வகுக்காது. அடுத்த முதன்மை எண் 61. அது சரியாக வகுக்கும்: 61 × 3449. முதன்மை எண்களின் வரிசையில் அது 18 ஆவது. 17 எண்கள் தோற்றபின் வருவது. 3449 முதன்மை எண் என்பதைக் காட்ட 53 வரை சோதித்தால் போதும், ஏனென்றால் 59 இன் வர்க்கம் 3481, அது 3449 ஐத் தாண்டிவிடுகிறது.

மொத்தம் 120 காரணிகள் உண்டு. அடுக்குகள் 2, 1, 4, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 5 × 2 × 2.

576 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். நாட்களின் எண் 1577917500, ஆண்டுகளின் எண் 4320000. இவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 7500. இரண்டையும் 7500 ஆல் வகுத்தால் 210389 உம் 576 உம் கிடைக்கும். அதாவது 576 ஆண்டுகளில் மிகச் சரியாக 210389 நாட்கள். 43 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுக் கணக்கு முழுவதும் 576 ஆண்டுக்குள் அடங்கிவிட்டது.

576 ஆண்டு கழிந்தால் வருடப்பிறப்பு நாளின் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். அதற்குள் ஒவ்வொரு ஆண்டும் 365 நாளோடு ஒரு நாளின் 149/576 பங்கு கூடிக்கொண்டே போகும். ஒரு நாளுக்கு 1440 நிமிடம். அதை 576 ஆல் வகுத்தால் இரண்டரை நிமிடம். ஆகவே இந்தக் கணக்குப்படி ஒரு நாளில் வருடம் பிறக்கக்கூடிய நேரங்கள் 576 மட்டுமே, அடுத்தடுத்த இரண்டு நேரங்களுக்கு இடையே இரண்டரை நிமிடம். 149 உம் 576 உம் பொதுக் காரணி இல்லாதவை என்பதால், 576 நேரங்களில் ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட இரண்டு முறை வராமல், ஒவ்வொன்றும் ஒரு தடவை வந்துபோகும். உயர்தர வகுப்பில் எண்கோட்பாடு படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஒரு வருடத்தின் பிறப்பை நானே கணக்கிட முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். 2026 சித்திரையை எடுத்துக்கொள்வோம்.

ஆங்கில ஆண்டோடு 3101 ஐக் கூட்டினால் அந்தச் சித்திரையில் முடிந்த கலி ஆண்டுகள் வரும்: 2026 + 3101 = 5127. இதை 210389 ஆல் பெருக்கினால் 1078664403. அதிலிருந்து 1237 ஐக் கழித்தால் 1078663166. இதை 576 ஆல் வகுத்தால் ஈவு 1872679, மீதி 62.

ஈவு என்பது கலி தொடங்கிய நாளிலிருந்து கழிந்த நாட்கள். கலி வெள்ளிக்கிழமை சூரிய உதயத்தில் தொடங்கியது என்பது கணக்கு. 1872679 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு நாள் நகர்ந்தால் செவ்வாய். மீதி 62 ஐ இரண்டரையால் பெருக்கினால் 155 நிமிடம், அதாவது உதயத்திலிருந்து 2 மணித்தியாலம் 35 நிமிடம். உதயத்தை 6 மணி என்று வைத்தால் காலை 8.35. கலண்டரை எடுத்துப் பாருங்கள்: 2026 ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமைதான்.

அச்சான பஞ்சாங்கத்தில் சில நிமிடம் வேறுபட்டிருக்கும். கணக்கு உதயத்திலிருந்து நாழிகை சொல்கிறது. உதயமோ ஊருக்கு ஊர் மாறும். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் யாழ்ப்பாணத்தைவிட ஏறக்குறைய 5 நிமிடம் முந்தி எழும்பிவிடும். அதனால் எண்ணில் பிழை என்று எண்ண வேண்டாம்.

அந்த 1237 எதற்கு?

சூரியன் வானத்தில் ஒரே வேகத்தில் போவதாகத் தோன்றுவதில்லை. சராசரிச் சூரியன் (ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வது) மேடத்தில் நுழைவதற்கும் மெய்யான சூரியன் நுழைவதற்கும் இடையே 2 நாள் 8 நாழிகை 51 விநாடி 15 தற்பரை என்று வாக்கிய முறை வைத்திருக்கிறது. அதை 576 இல் பங்குகளாக எழுதினால் 1237/576. இங்கும் மிச்சமில்லாமல் பொருந்துகிறது.

அடுத்த ஆண்டுக்கு மறுபடி எல்லாம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மீதியோடு 149 ஐக் கூட்டுங்கள். 576 ஐத் தாண்டினால் 576 ஐக் கழித்து ஒரு நாளை ஏற்றுங்கள். 2025 இன் மீதி 489. அதோடு 149 கூட்டினால் 638. 576 கழித்தால் 62. மேலே கண்ட மீதி அதுவே. 2027 க்கு 211, 2028 க்கு 360, 2029 க்கு 509. நேரமாகப் பார்த்தால் 2027 பிற்பகல் 2.47½, 2028 இரவு 9 மணி, 2029 அதிகாலை 3.12½.

2025 இன் மீதி 489 என்றால் அதிகாலை 2.22½. நான்கு ஆண்டில் மீதி 489 இலிருந்து 509 ஆகியிருக்கிறது, அதாவது 20 பங்கு, 50 நிமிடம். ஏறக்குறைய ஆறேகால் மணித்தியாலம் கூடிக்கூடி நான்காம் ஆண்டில் பழைய நேரத்துக்குக் கிட்டவாக வந்து, 50 நிமிடம் பிந்தி நிற்கும். ஒரு வருடம் விடியற்காலை, அடுத்தது காலை, பிறகு பிற்பகல், பிறகு இரவு என்று புத்தாண்டு சுற்றி வருவதை எங்கள் ஊர் அம்மம்மாமார் கணக்குப் போடாமலே சொல்வார்கள்.

கிழமையும் 576 ஆண்டில் திரும்ப வருமா?

வராது. 210389 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 4. கிழமையும் நேரமும் சேர்ந்து திரும்ப 576 × 7 = 4032 ஆண்டு ஆகும். ஆங்கிலக் கலண்டரில் 400 ஆண்டுக்கு 146097 நாட்கள். அது 7 ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் அங்கே கிழமைகள் 400 ஆண்டிலேயே திரும்பிவிடும்.

60 வருடச் சுற்றோடு இது எப்படிப் பொருந்தும்?

60 ஆண்டுக்கு 21915 நாளும் 300 பங்கும். 300 பங்கு என்பது 12 மணித்தியாலம் 30 நிமிடம். விசுவாவசு 2025 இல் பிறந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போனால் முந்திய விசுவாவசு 1965 ஏப்ரல் 13 செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1.52½ க்குப் பிறந்தது என்று வரும். அந்த ஆண்டில் பிறந்தவர்கள் வீட்டில் இருந்தால் பழைய சாதகக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 60 உம் 576 உம் சேரும் பொது மடங்குகளுட் சிறியது 2880. ஒரே பெயருடைய ஆண்டு ஒரே நேரத்தில் பிறக்க அத்தனை ஆண்டு.

எண்ணின் கடைசியில் ஏன் சரியாக 500? கையால் பொருத்தியதா?

பொருத்தப்பட்டது என்றே நினைக்கிறேன். அதில் இருக்கும் வேலைப்பாட்டைப் பாருங்கள். கலியில் 3600 ஆண்டு முடிந்தபோது தனக்கு 23 வயது என்று ஆரியபட்டர் தம் நூலில் சொல்கிறார். அது கி.பி. 499. 3600 ஆண்டுக்கு எத்தனை நாள்? 4320000 இல் 3600 என்பது 1200 இல் ஒரு பங்கு. 1577917500 ஐ 1200 ஆல் வகுத்தால் 1314931¼. சூரிய உதயத்தில் தொடங்கிய கலி, 3600 ஆண்டு கழித்து நாளின் காற்பங்கில் நிற்கிறது: சரியான நண்பகல். அந்த நாள் 499 மார்ச் 21, பகலும் இரவும் சமமாகும் காலம். கடைசி இலக்கங்கள் 500 ஆக இல்லாமல் வேறாக இருந்தால் இந்த நண்பகல் தவறிவிடும்.

மற்ற நூல்களிலும் இதே எண்தானா?

கிட்டத்தட்ட. ஆரியபட்டரின் இன்னொரு முறை நாளை நள்ளிரவிலிருந்து எண்ணும். அதன் எண் 1577917800, இதைவிட 300 கூட. சூரிய சித்தாந்தத்தின் எண் 1577917828, அதைவிட இன்னும் 28 கூட. ஆண்டின் நீளத்தில் பார்த்தால் மூன்றுக்கும் இடையே 7 செக்கன்கூட வித்தியாசமில்லை. ஆனால் எண்களின் குணம் முற்றிலும் வேறு.

1577917800 ஐ 4320000 ஓடு சுருக்கினால் 800 ஆண்டுக்கு 292207 நாள் என்று வரும். இந்தச் சோடி கடல் தாண்டிப் போய் பர்மா, சயாம் நாட்டுக் கலண்டர்களின் அடிப்படையானது. சூரிய சித்தாந்தத்தின் எண்ணுக்கோ 4320000 ஓடு பொதுக் காரணிகளுட் பெரியது வெறும் 4. அதன் சுற்று 1080000 ஆண்டு. வெறும் 28 நாள் கூடியதும் 800 ஆண்டுச் சுற்று பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நீளத்தில் ஏறக்குறைய ஒன்றான இரண்டு அளவுகள், வகுபடும் தன்மையில் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன. கையால் கணக்கிடுபவருக்கு 576 எவ்வளவு பெரிய வரம் என்பது இங்கே விளங்கும்.

உண்மையிலேயே கருவி இல்லாமல் கணித்தார்களா?

கணித்தார்கள். ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் 1825 இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடமே தவறியது. நடுவேளை 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் தவறின. எண்களையே சொற்களாக்கி வாயில் வைத்திருந்த மரபு அது. வாக்கியம் என்ற பெயரும் அதனால் வந்ததே.

சந்திரனுக்கும் இந்த எண் உதவுமா?

அங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. மகாயுகத்தில் சந்திரன் 57753336 முறை சுற்றும் என்கிறார் ஆரியபட்டர். அதில் சூரியனின் 4320000 சுற்றைக் கழித்தால் 53433336. பூரணைக்குப் பூரணை என்று எண்ணும் மாதங்கள் இவை. நம் எண்ணை இதனால் வகுத்தால் ஒரு மாதம் 29.530582 நாள். இன்றைய அளவு 29.530589. ஒரு மாதத்துக்கு வித்தியாசம் ஒரு செக்கனுக்கும் குறைவு.

பூமியின் சுழற்சிக்கு?

நாட்களோடு ஆண்டுகளைக் கூட்டினால் 1582237500. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி இத்தனை தடவை சுழல்கிறது என்று ஆரியபட்டர் நூலிலேயே இருக்கிறது. வகுத்தால் ஒரு சுழற்சி 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4.1 செக்கன். இன்றும் அந்த அளவுதான். நிலாவெளியில் கடலுக்கு மேல் ஒரு நட்சத்திரம் உதிக்கும் நேரத்தைக் குறித்து, மறுநாள் பாருங்கள். நான்கு நிமிடம் முந்தியிருக்கும்.

அப்படியென்றால் வாக்கியம் சரி, திருக்கணிதம் பிழையா?

இல்லை. மாதமும் சுழற்சியும் இவ்வளவு பொருந்த, ஆண்டு மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் உண்மையான ஆண்டு 365 நாள் 6 மணித்தியாலம் 9 நிமிடம் 10 செக்கன். நம் எண் தருவது 3 நிமிடம் 20 செக்கன் கூடுதல். ஓர் ஆண்டில் இது தெரியாது. 499 இலிருந்து இன்று வரை சேர்த்தால் மூன்றரை நாள் ஆகிவிடும்.

திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிப்பது. 2025 இல் வாக்கியம் முந்தியது, இடைவெளி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. வாக்கிய ஆண்டு நீளமானது என்பதால் சராசரியாக ஆண்டுக்கு 3 நிமிடம் 20 செக்கன் அந்த இடைவெளி ஒடுங்கும். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகி, பிறகு வாக்கியம் பிந்தத் தொடங்கும். கிரகங்களின் இழுப்பால் உண்மை ஆண்டு சில நிமிடம் ஏறி இறங்குவதால் அது எந்த ஆண்டு என்று இங்கே அடித்துச் சொல்லவில்லை.

வழிபாட்டுக்கு எதைப் பின்பற்றுவது என்பது வீட்டு வழக்கம், கோயில் வழக்கம். விஷு புண்ணியகாலம் பிறப்புக்கு முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்து நாழிகை, மொத்தம் 8 மணித்தியாலம். இப்போதைய இடைவெளிக்கு இரண்டு புண்ணியகாலங்களும் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிந்துதான் இருக்கின்றன. அதற்காக ஒரே வீட்டுக்குள் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

புத்தாண்டு ஏப்ரல் 14 ஐ விட்டு நகருமா?

நகரும். ஆங்கிலக் கலண்டரின் ஆண்டு 365.2425 நாள். வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 62 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்தும்.

இந்த 62 உம் காரணியாக வந்த 61 உம் தொடர்புடையவையா?

இல்லை, தற்செயல். இந்த எண்ணை வைத்துப் பலன் சொல்கிறவர்கள், 42 என்ற கூட்டுத்தொகையில் இரகசியம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டுத்தொகை சொல்வது ஒன்றே: 3 ஆல் வகுபடும்.

எத்தனையாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாம்?

பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.), பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) படிக்கத் தொடங்கும் ஏழாம் தரப் பிள்ளைக்கே 576 ஐக் காட்டலாம். முதலில் 489 என்ற மீதியைக் கொடுத்து, 149 ஐக் கூட்டிக் கூட்டிப் பத்து ஆண்டின் பிறப்பு நேரங்களை ஒரு அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிடட்டும். சாதாரண தரப் பிள்ளை 210389 ஐக் காரணிப்படுத்தட்டும், கணிகருவி இல்லாமல். உயர்தரப் பிள்ளைக்கு ஒரு கேள்வி: மீதி சரியாக 0 ஆகும் ஆண்டு, அதாவது சூரிய உதயத்திலேயே வருடம் பிறக்கும் ஆண்டு, 2025 க்குப் பிறகு முதலில் எப்போது வரும்? 149 ஐ n ஆல் பெருக்கி 489 ஐக் கூட்டினால் 576 இன் மடங்காக வேண்டும்.